“பிள்ளை இங்கிலீஷ் கடகடன்னு வாசிக்குது டீச்சர், ஆனா ஒண்ணும் புரியல” – அம்மா அப்பாங்க என்கிட்ட கேட்ட கேள்விங்க

நான் மலேசியாவுல, ஈப்போ பக்கம் இருக்குற சுங்கை சிப்புட்ல வீட்டு முன்னாடி காடி நிறுத்துற எடத்துல நாலு மேசை போட்டு சாயந்தரம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறேன். பாட்டி பால் மரம் வெட்டுன தோட்டம் இப்ப முழுக்க செம்பனை. லயத்துல இருந்த சனமெல்லாம் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தாச்சு, பிள்ளைங்க பாதி பேரு தமிழ்ப்பள்ளி, பெரிசுங்க இடைநிலைப்பள்ளி. கூட்டிட்டு போக வர்றப்ப மோட்டார்ல உக்காந்துகிட்டே கேட்கிற கேள்வி, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டு கேட்கிற கேள்வி, எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்ப திரும்ப சொல்லி எனக்கு தொண்டை கட்டிருச்சு.

என் மவன் நல்லாதானே வாசிக்கிறான், கேள்விக்கும் பதில் எழுதிடுறான், அப்புறம் ஏன் புரியலன்னு சொல்றீங்க?

இத கேட்காத அம்மா இல்ல. சரி, கீழ ஒரு கதை இருக்கு, வாசிங்க:

“கிட்டன் நேத்து திம்பரத்துல மூணு லப்பிய துமுக்கினான். லப்பி எல்லாம் நொவண்டு போச்சு. அதனால கிட்டன் ரொம்ப வெளாம்பினான்.”

இப்ப கேள்வி. கிட்டன் எங்க துமுக்கினான்? திம்பரத்துல. எத்தன லப்பி? மூணு. ஏன் வெளாம்பினான்? லப்பி நொவண்டு போச்சு, அதனால. முழு மார்க்கு வாங்கிட்டீங்க, வாழ்த்துக்கள். லப்பின்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்? எனக்கும் தெரியாது, நேத்து ராத்திரி நானே இட்டு கட்டுனது.

உங்க மவன் செய்றது அச்சு அசல் இதேதான். கேள்வியில “வேர் டிட் அலி கோ”ன்னு இருந்தா பத்தியில “அலி வென்ட்” எங்க இருக்குன்னு தேடி அந்த வரிய அப்படியே தூக்கி கீழ போட்டுருவான், சேகு (பள்ளிக்கூட டீச்சர்) சரி போட்டுருவாங்க, நீங்க சந்தோசமா பாத்துட்டு கையெழுத்து போட்டுருவீங்க. நானும் ரெண்டு மூணு வருசம் இப்படித்தான் ஏமாந்தேன். ஒரே பத்திய அஞ்சு தடவ சத்தமா வாசிக்க வெச்சேன், அஞ்சாவது தடவ பிள்ளை ரேடியோ மாதிரி வாசிச்சுது, நானும் பெருமைப்பட்டுகிட்டேன். ஒரு நாள் சும்மா தமிழ்ல “அந்தப் பையன் கடைசில அழுதானா சிரிச்சானா”ன்னு கேட்டேன். முழிச்சுது. கடைசி வரியிலேயே இருந்துச்சு, அழுதான்னு.

அதனால இனிமே பாக்குறப்ப பத்தியில நேரா எழுதியிருக்காத ஒண்ண கேளுங்க. அவன் ஏன் கதவ மூடினான், அவன் நல்லவனா, நீயா இருந்தா என்ன செய்வ. எந்த வரியிலிருந்தும் தூக்கி போட முடியாத கேள்வியா இருக்கணும்.

என் மக இங்கிலீஷ மலாய் மாதிரி வாசிக்கிறா. இது பெரிய பிரச்னையா?

இருக்குறதுலேயே மொதல்ல சரி பண்ண வேண்டியது இதுதான். தமிழுக்கு தனி எழுத்து, அதுல குழப்பம் இல்ல. மலாய்க்கும் இங்கிலீஷுக்கும் ஒரே ஏபிசி, ஆனா மலாய்ல எழுதுனத அப்படியே வாசிச்சா சரியா இருக்கும், இங்கிலீஷ்ல இருக்காது. பிள்ளை “மேக்”க பாத்து “மாக்கே”ங்கும், “கம்”ம பாத்து “சோமே”ங்கும், “நைஸ்” அதுக்கு “நீச்சே”. சிரிக்காதீங்க, அது கத்துகிட்ட சட்டத்த ஒழுங்காதான் போடுது, எடம்தான் தப்பு.

இதவிட மோசம் ரெண்டு மொழியிலயும் ஒரே மாதிரி எழுதுற சொல்லுங்க. எம்-ஏ-ஐ-என், மலாய்ல விளையாடு. ஏ-ஐ-ஆர், மலாய்ல தண்ணி. ஜே-ஏ-எம், மலாய்ல மணி. நாலாம் ஆண்டு பிள்ளை ஒண்ணு “மெயின் ரோடு”ன்னு இருந்தத “விளையாடுற ரோடு டீச்சர்”னு சொல்லிச்சு, முகத்துல அவ்ளோ நம்பிக்கை. நான் தப்புன்னு சொல்லவே மனசு வரல, எங்க தாமான்ல எல்லா ரோடும் விளையாடுற ரோடுதான்.

கோஃப், டன்மர்னு ரெண்டு பேரு 1986ல ஒரு கணக்கு சொன்னாங்க, வாசிச்சு புரிஞ்சுக்கிறதுங்கிறது எழுத்த சொல்லா மாத்துற திறமையையும் அந்த மொழிய காதால கேட்டா புரியிற திறமையையும் பெருக்கி வர்றது. கூட்டல் இல்ல, பெருக்கல். ஒரு பக்கம் சைபர்னா மறுபக்கம் எவ்ளோ இருந்தாலும் விடை சைபர்தான். “சோமே”ன்னு வாசிக்கிற பிள்ளைக்கு காதால கேட்டா “கம்” தெரியும், யூடியூப்ல ஆயிரம் தடவ கேட்டிருக்கும், ஆனா கண்ணு பாக்குறத காதுக்கு தெரிஞ்ச சொல்லோட சேக்க முடியல. அதனால அந்தப் பிள்ளைக்கு கேள்வி-பதில் பயிற்சி புத்தகம் வாங்கிட்டு வராதீங்க, காசு தண்டம். கடைசில நிக்கிற ‘ஈ’ சத்தம் போடாதுங்கிற மாதிரி பத்து பதினஞ்சு விஷயத்த தினமும் கொஞ்சமா பழகுனா போதும், ஒரு பள்ளி விடுமுறையில தேறிடும்.

மலாய் எதிரி இல்ல, அதையும் சொல்லிடுறேன். போலிஸ், டெக்சி, ரெஸ்டோரான், யுனிவர்சிட்டி எல்லாம் மலாய்ல தெரிஞ்ச பிள்ளைக்கு இங்கிலீஷ்ல பாதி தெரிஞ்ச மாதிரிதான். நம்ம பிள்ளைக்கு மூணு மொழி. அதுல மலாய நாமதான் உபயோகிக்க விடமாட்டேங்கிறோம்.

எந்த அளவு கஷ்டமான புத்தகம் கொடுக்கணும்? அஞ்சாம் ஆண்டு பிள்ளைக்கு அஞ்சாம் ஆண்டு புத்தகம்தானே?

இல்லவே இல்ல. யாரு துணையும் இல்லாம வாசிச்சு புரிஞ்சுக்கணும்னா பக்கத்துல இருக்குற சொல்லுல 98 சதவீதம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும்னு பால் நேஷன்கிற நியூசிலாந்து பேராசிரியரும் கூட இருந்தவங்களும் பரிசோதிச்சு சொன்னாங்க. 50 சொல்லுக்கு ஒரு சொல்லுதான் தெரியாததா இருக்கலாம். நம்ம பிள்ளைங்க பாடப் புத்தகத்த தொறந்து பென்சில்ல தெரியாத சொல்லுக்கு புள்ளி வைக்கச் சொல்லுங்க, பக்கமே அம்மை போட்ட மாதிரி ஆயிடும். அத வெச்சுகிட்டு ஒருத்தன் வாசிப்புல ஆர்வமா இருக்கணும்னு சொன்னா எப்படி, எனக்கு ரஷ்ய பேப்பர கொடுத்து ரசிச்சு படின்னு சொல்ற மாதிரி.

தெரியாத சொல்லு ஒண்ணுக்கு ஒரு விரல்னு மடக்க சொல்லுங்க, ஒரு பக்கத்துல மூணு விரலுக்கு மேல மடங்குச்சுன்னா அந்த புத்தகம் இப்ப வேணாம். பக்கத்து வீட்டு பிள்ளை தடி புத்தகம் வாசிக்குதேன்னு வெக்கப்படாதீங்க. சுலபமான புத்தகம் நிறைய, என் பேச்சு அவ்வளவுதான்.

இதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச ஆதாரம் ஃபிஜியிலேர்ந்து வருது. ஃபிஜியும் நம்மள மாதிரி ஆளுங்க கப்பல்ல போன ஊருதான், அங்க கரும்பு, இங்க ரப்பர். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய்னு ரெண்டு பேரு கிராமத்து பள்ளிக்கூடங்கள்ல ஒன்பதுலேர்ந்து பதினோரு வயசு பிள்ளைங்க வகுப்புக்கு 250 கதைப் புத்தகம் கொண்டுபோய் போட்டாங்க, படம் போட்ட, சுவாரஸ்யமான புத்தகங்க. அந்த பிள்ளைங்களுக்கும் வீட்டுல இங்கிலீஷ் கிடையாது. ஒரு பக்கம் டீச்சர் கூட சேந்து வாசிச்சாங்க, இன்னொரு பக்கம் சும்மா தனியா வாசிச்சாங்க, மத்த வகுப்புங்க வழக்கம்போல பயிற்சி பாடம். எட்டு மாசத்துல புத்தகம் வாசிச்ச பிள்ளைங்க வாசிப்புலயும் கேட்டு புரிஞ்சுக்கிறதுலயும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல முன்னேறியிருந்தாங்க. 1983ல வந்த ஆய்வு. நாற்பது வருசம் ஆச்சு, நாம இன்னும் பயிற்சி புத்தகம்தான் வாங்குறோம்.

எனக்கே இங்கிலீஷ் தெரியாது டீச்சர், நான் எப்படி உதவி பண்றது?

உங்களுக்கு தெரியாதது ஒரு வகையில நல்லதுதான், நெசமாத்தான் சொல்றேன். தெரிஞ்ச அப்பாங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு சொல்லையும் திருத்திகிட்டே இருப்பாங்க, பிள்ளை வாயவே தொறக்காது.

நீங்க செய்ய வேண்டியது, வாசிச்சு முடிச்ச கதைய தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. என்கிட்ட வர்ற ஒரு பொண்ணோட அம்மாவுக்கு கையுறை ஃபேக்டரில வேலை, ரெண்டாவது ஷிஃப்டு. கெளம்புறதுக்கு முன்ன சமைக்கிற முக்கா மணி நேரந்தான் மகளோட இருப்பாங்க. பொண்ணு பிரிட்ஜ் மேல சாஞ்சுகிட்டு கதை சொல்லும், அம்மா வெங்காயம் நறுக்கிகிட்டே “சரி, அப்புறம்? அவன் ஏன் திரும்பி போனான்? இப்பதானே வேணாம்னு சொன்னான்?”னு கேப்பாங்க. அந்த “ஏன்” வந்ததும் பொண்ணு ஓடிப்போய் புத்தகத்த தொறந்து பாக்கும். இத நான் கிளாஸ்ல ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாலும் செய்ய வைக்க முடியாது. கதை ஒழுங்கா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வருதான்னு கண்டுபுடிக்க இங்கிலீஷ் தேவையில்ல, காது இருந்தா போதும். பாட்டி இருந்தா இன்னும் விசேஷம், பாட்டிங்களுக்கு கதையில ஓட்டை இருந்தா பொறுக்காது.

தமிழ்ல சொல்ல விட்டா எப்ப இங்கிலீஷ் வரும்? இங்கிலீஷ் கிளாஸ்ல இங்கிலீஷ்தானே பேசணும்?

பேசுற பாடத்துக்கு இங்கிலீஷ் பேசட்டும், நான் வேணாங்கல. ஆனா புரிஞ்சுதான்னு பாக்குறப்ப, பிள்ளைக்கு பேச வர்ற மொழியில கேட்டாதான் உண்மை தெரியும். இங்கிலீஷ்லயே கேட்டா அந்த கிட்டன் கதைதான் திரும்ப, வரிய தூக்கி போடும்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. வரிக்கு வரி தமிழ்ல மொழிபெயர்த்து, இங்கிலீஷ் சொல்லுக்கு மேல பென்சில்ல தமிழ் எழுதி வைக்கிறது. அப்படி எழுதிட்டா கண்ணு தமிழத்தான் பாக்கும், கீழ இருக்குற இங்கிலீஷ் வெறும் கோலம்.

தெரியாத சொல்லு வந்தா உடனே டிக்‌ஷனரி பாக்கணுமா?

வேணாம். மொதல்ல வரிய முழுசா வாசிச்சு, என்னவா இருக்கும்னு யோசிக்கட்டும், அதே சொல்லு மூணு தடவ வந்து கதையும் நின்னு போச்சுன்னா அப்ப பாக்கட்டும். சொல் பட்டியல் எழுதி மனப்பாடம் பண்றதுல எனக்கு நம்பிக்கை ரொம்ப கம்மி.

என் பையனுக்கு புத்தகம்னாலே அலர்ஜி. பந்துன்னா ஓடுறான். என்ன செய்யலாம்?

பந்த பத்தி கொடுங்க. இது சும்மா பேச்சுக்கு சொல்லல. அமெரிக்காவுல 1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேரு ஒரு பேஸ்பால் ஆட்டத்த பத்தின கதைய இடைநிலைப்பள்ளி பிள்ளைங்களுக்கு கொடுத்து பாத்தாங்க. வாசிப்புல மட்டம்னு பேரு வாங்குன, ஆனா பேஸ்பால் தெரிஞ்ச பிள்ளைங்க, நல்லா வாசிக்கிற ஆனா பேஸ்பால் தெரியாத பிள்ளைங்கள விட நல்லா புரிஞ்சுகிட்டாங்க. ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் அவ்ளோ தூக்கிவிடுது.

எனக்கு இது கண்ணு முன்னாடி நடந்துச்சு. பாடப் புத்தகத்துல வர்ற பனிச்சறுக்கும் லண்டன் மியூசியமும் எங்க பிள்ளைங்களுக்கு ஏதோ வேற கிரகம். ஒரு வாரம் வெறுத்துப்போய் நானே ஆறு பக்கம் எழுதினேன், சின்ன சின்ன இங்கிலீஷ் வரியில, செம்பனை தோட்டத்துல கம்பத்து மேல வெச்சிருக்காங்களே ஆந்தை கூண்டு, அத பத்தி. எலி பழத்த தின்னுடும், மருந்து வைக்கிறதுக்கு பதிலா ஆந்தைய குடி வெச்சா அது ராத்திரில எலிய புடிச்சிடும், அவ்வளவுதான் விஷயம். மலாய்ல ஆந்தைக்கு பேரு புரோங் ஹந்து, பேய் பட்சி, அதையும் உள்ள சேத்தேன்.

எங்க கிளாஸ்ல ஒரு பையன், பேரு வேணாம், படிவம் 1 (இடைநிலைப்பள்ளி மொத வருசம்), எப்பவும் கடைசி மேசை, வாசிக்க சொன்னா டாய்லெட்டுக்கு போயிடுவான். அவங்கப்பா பழம் அறுக்குறவரு. அன்னிக்கு அவன் ரெண்டாவது பக்கத்துலயே நிறுத்தி “டீச்சர், இது தப்பு”ன்னான். என்னடான்னா, நான் கூண்டு வாசல் ரோட்ட பாத்து இருக்குன்னு எழுதிட்டேனாம், அப்பா வேலை செய்ற எடத்துல அப்படி இல்லியாம், கூண்டுக்கு கீழ எலி முடியும் எலும்பும் உருண்டையா கெடக்கும்ங்கிறதையும் நான் எழுதலியாம். அந்த உருண்டைக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு அவனே போன்ல தேடி எடுத்தான். பெல்லட். அந்த ஒரு சொல்ல நல்லா வாசிக்கிற பிள்ளைங்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அதுக்கப்புறம் எல்லாம் மாறிடுச்சுன்னு சினிமா மாதிரி சொல்ல மாட்டேன், இன்னும் பனிச்சறுக்குன்னா டாய்லெட்தான். ஆனா தோட்டம், பாம்பு, மோட்டார் ரிப்பேர், பந்து, இதுல எது வந்தாலும் இப்ப உக்காந்து வாசிக்கிறான்.

கிளாஸ்ல ஒரே சத்தமா இருக்கே, நீங்க பாடம் நடத்துறீங்களா விளையாடுறீங்களா?

பக்கத்து வீட்டு அண்ணனும் இதத்தான் கேட்டாரு. நாலு நாலு பேரா உக்காந்து ஒரு பத்தி வாசிப்பாங்க, ஒருத்தர் அன்னிக்கு “டீச்சர்”. அந்த பிள்ளை மத்தவங்கள கேள்வி கேக்கணும், நடந்தத சுருக்கமா சொல்லணும், புரியாத எடத்த எல்லாரும் சேந்து பிரிச்சு பாக்கணும், அப்புறம் அடுத்து என்ன நடக்கும்னு சொல்லணும். அடுத்த பத்திக்கு வேற டீச்சர். என் கண்டுபிடிப்பு இல்ல, பாலின்சார், பிரவுன்னு ரெண்டு பேரு 1984ல எழுதுனது, அதுவும் நம்ம பிள்ளைங்க மாதிரியே வாய் நல்லா வாசிக்கும் ஆனா தலைக்குள்ள ஏறாதுன்னு இருந்த பிள்ளைங்கள வெச்சு.

அடுத்து என்ன நடக்கும்ங்கிறதுலதான் சண்டை வரும். ஒரு கதையில சந்தைல பர்ஸ் கெடச்ச பையன், திருப்பி கொடுப்பானா மாட்டானா. ஒரு பொண்ணு “கொடுக்க மாட்டான் டீச்சர், மொத பக்கத்துல செருப்பு பிஞ்சிருக்குன்னு போட்டுருக்கு”ன்னு சொல்லி அந்த வரிய விரல் வெச்சு காட்டுச்சு. நான் அந்த கதைய பத்து தடவ நடத்தியிருக்கேன், செருப்ப கவனிச்சதே இல்ல.

பள்ளிக்கூடத்துல நீலாம் புத்தகம் (வாசிச்ச புத்தகத்த பதிவு பண்ற திட்டம்) எழுதுறாங்களே, அது போதாதா?

நல்ல திட்டந்தான், பிள்ளை உண்மையா வாசிச்சா. புத்தகத்த தொறக்காம பின் அட்டைய பாத்து சுருக்கம் எழுதுற வித்தை பிள்ளைங்களுக்கு எப்பவோ தெரியும். எத்தன புத்தகம்னு எண்ணாம, எந்த புத்தகம் புடிக்கலன்னு கேளுங்க. புடிக்காததுக்கு காரணம் சொல்லணும்னா வாசிச்சிருக்கணும்.

ஹேண்ட்போன புடுங்கிடலாமா?

புடுங்கினா அழுதுட்டு தூங்கும், புத்தகம் வாசிக்காது. கார்ட்டூன் பாக்குறப்ப கீழ இங்கிலீஷ் எழுத்த போட்டு விடுங்க, கேம்ல வர்ற விளக்கத்த வாசிச்சு தமிழ்ல சொல்ல சொல்லுங்க, அதுல நம்மள விட பிள்ளைங்க கெட்டி. சாப்பிடுறப்ப மட்டும் போன் வேணாம், அது இங்கிலீஷுக்காக இல்ல.

படிவம் 5 பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்து வருமா? எஸ்பிஎம் அரசாங்கப் பரீட்சை இருக்கே.

ஆறாம் ஆண்டுல இருந்த யூபிஎஸ்ஆர், படிவம் 3ல இருந்த பிடி3, ரெண்டு பரீட்சையையும் எடுத்துட்டாங்க, அதனால பிள்ளை உண்மையிலேயே எங்க நிக்குதுன்னு பல வீட்டுல எஸ்பிஎம் கிட்ட வர்றப்பதான் தெரியுது. எஸ்பிஎம் இங்கிலீஷ் மொத தாள் வாசிப்பு, ஒன்றரை மணி நேரத்துல 40 கேள்வி, அஞ்சு பகுதி. இதுல பிள்ளைங்க விழுறது பெரும்பாலும் நாலாவது பகுதியில, பத்தியிலேர்ந்து வரிய எடுத்துட்டு எந்த வரி எங்க வரும்னு கேப்பாங்க. வரிய தூக்கி போடுற பழக்கம் அங்க செல்லாது. “தே”ன்னு இருந்தா யாரு அந்த “தே”, “ஹௌஎவர்”னு இருந்தா முன்னாடி சொன்னதுக்கு எதிரா என்ன வருது, இத பாக்க தெரிஞ்சிருக்கணும். கடந்த வருச தாள மொத்தமா போட்டு பாக்குறதவிட, ஒரே ஒரு செய்திய வரி வரியா வெட்டி கலைச்சு போட்டு அடுக்க சொல்லுங்க, கத்திரிக்கோல் மட்டுந்தான் செலவு. மூணு மாசம் இருக்குறப்ப வந்து கேட்டா இந்த மாதிரி தந்திரந்தான் சொல்லித்தர முடியும், வாசிப்பு பழக்கத்துக்கு நேரம் பத்தாது.

புத்தகத்துக்கு எங்க போறது? கடையில 30 வெள்ளி (ரிங்கிட்) சொல்றான்.

வாங்காதீங்க. ஸ்டோரிவீவர்னு இந்தியாவுல பிரதம் புக்ஸ் நடத்துற தளம் இருக்கு, காசு கிடையாது, படக்கதை நாலு நிலையா பிரிச்சிருப்பாங்க, நிறைய கதை தமிழ்லயும் இருக்கும். மொதல்ல தமிழ்ல வாசிச்சுட்டு அப்புறம் இங்கிலீஷ்ல வாசிச்சா பிள்ளைக்கு பாதி பாரம் குறைஞ்சிடும். நம்ம தேசிய நூலகத்தோட யூ-புஸ்தாக்காவுல பதிஞ்சுகிட்டா போன்லயே புத்தகம் இரவல் எடுக்கலாம். பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனை ஈப்போ பக்கம் வந்தா ஒரு வேன் புடிச்சு போயிட்டு வரலாம், ஆனா அங்க அட்டைய பாத்து மயங்காம நடுப்பக்கத்த தொறந்து விரல் மடக்கி பாத்துட்டு வாங்குங்க. ஒண்ணுமே இல்லியா, மேகி பாக்கெட் பின்னாடி மலாய்லயும் இங்கிலீஷ்லயும் போட்டிருக்கும், அத வாசிச்சு பிள்ளையே சமைக்கட்டும். தப்பா வாசிச்சா மேகி கொழகொழன்னு போயிடும், அதுக்கு மேல திருத்தம் வேணாம்.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்?

கால் மணி நேரம். தினமும். சனிக்கெழம மட்டும் ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா பிள்ளை சனிக்கெழமயவே வெறுத்துடும்.

உங்க வீட்டுல இருக்குற புத்தகத்த இரவல் எடுக்கலாமா? உங்க கிளாஸுக்கு வராத பிள்ளையும் எடுக்கலாமா?

எடுக்கலாம். கேட்டுல நீல பை ஒண்ணு தொங்கும், அதுல சுலபமான புத்தகமா பாத்து போட்டு வெச்சிருக்கேன், பேரு எழுத நோட்டு இருக்கு, பேனா மட்டும் அடிக்கடி காணாம போகுது, அதனால வர்றப்ப ஒரு பேனா கொண்டு வாங்க. ஆந்தை கதை ஆறு பக்கமும் போட்டோஸ்டேட் எடுத்து அடியில வெச்சிருக்கேன். கூண்டு வாசல் எந்த பக்கம்ங்கிறத திருத்தியாச்சு, கடைசி மேசை பையன் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறந்தான் போட்டோஸ்டேட் கடைக்கே போனேன்.